கணக்கு நோட்டை நான் மட்டும் வைத்திருந்தேன்

எங்கள் திருமணச் செலவை எழுதிவைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஏழாம் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் தாள் மெலிந்துபோயிருப்பது விரலுக்கே தெரியும். 'மொத்தம்' என்ற சொல்லுக்கு எதிரே பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, ஓரிடத்தில் சின்ன ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த ஓட்டைக்குப் பின்னால் எத்தனை இரவுகளின் தூக்கம் போயிருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அப்போது யாராவது என்னை உட்காரவைத்து நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். பணம் மட்டுமல்ல, மனநிம்மதியும்தான். அப்படிச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

தொகையை அப்படியே சொல்வதால் யாருக்கும் பயனில்லை. ஒருவருக்குப் பெரிய தொகை இன்னொருவருக்குச் சிறியது. எனவே நாங்கள் முதலில் திட்டமிட்ட மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் அது எட்டு மாத வருமானம். கடைசியில் செலவானது 138. கடனுக்கான வட்டியையும் கூட்டினால் 144-ஐத் தாண்டும். அதாவது, திட்டமிட்டதற்கு மேல் மூன்றரை மாதச் சம்பளம் போனது.

இருவரும் வேலை பார்க்கிறோம், முடிந்தவரை எங்கள் பணத்திலேயே திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. திருமணத்துக்கு எட்டு மாதம் முன்பு ஒரு மாலையில் உட்கார்ந்து தலைப்பு வாரியாகப் பிரித்தோம். சாப்பாட்டுக்கு 40, மண்டபத்துக்கு 18, உடைக்கும் ஒப்பனைக்கும் 14, அலங்காரத்துக்கு 10, புகைப்படம், வீடியோவுக்கு 8, வெளியூர் விருந்தினர் தங்குவதற்கும் வண்டிகளுக்கும் 7, அழைப்பிதழுக்கு 3. கூட்டினால் சரியாக 100 வந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தாலும் வேதனையாக இருக்கிறது. எதிர்பாராத செலவுக்கு என்று ஒரு காசுகூட அதில் இல்லை. "நீதான் கணக்கில் கெட்டிக்காரி, நீயே பார்த்துக்கொள்" என்று என் வருங்காலக் கணவர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் துன்பம் அந்த நகர்த்தலில்தான் தொடங்கியது.

முதலில் அந்த 100-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 100 இருந்தால் பிரிக்க வேண்டியது 85 அல்லது 90-ஐ மட்டும்தான். மீதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அது இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஒதுக்கீடு நாமாகக் கேட்டு வாங்கும் எதற்கும் இல்லை. திடீரென மழை, வராத வண்டி, விட்டுப்போன வரி என்று நம்மைக் கேட்காமல் வருகிறவற்றுக்கு மட்டும்தான். ஒதுக்கிய பணம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் நல்ல பூக்களாகப் போடச் சொன்னால் அது ஒதுக்கீடு இல்லை.

அடுத்தது, அந்த 100 எங்கிருந்து வரும் என்பது. எங்கள் கையில் உண்மையாக இருந்தது 70. இரு வீட்டாரும் ஆளுக்கு 10 தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மீதி 10-ஐ எட்டு மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடலாம் என்று கணக்கிட்டோம். மூன்றையும் கூட்டி 100 என்று எழுதியதுதான் தவறு. கையில் இருப்பது, வரப்போவது, சேர்க்கப்போவது மூன்றும் ஒன்றல்ல. எங்களுக்குப் பணம் எல்லாமே வந்துசேர்ந்தது, ஆனால் வேண்டிய நேரத்தில் வரவில்லை. முன்பணம் எல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே கொடுக்க வேண்டியிருந்தது. பாக்கித் தொகைகளோ திருமணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மொத்தமாக வந்து நின்றன. எங்கள் செலவில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வாரத்தில்தான் கைமாறியது. அவர் வீட்டிலிருந்து வர வேண்டிய 10, திருமணம் முடிந்து பத்து நாள் கழித்து வந்தது. மாமனாரைக் குறை சொல்ல முடியாது, எப்போது வேண்டும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு செலவுக்கு எதிரேயும் கொடுக்க வேண்டிய தேதியையும், ஒவ்வொரு வரவுக்கு எதிரேயும் வந்துசேரும் தேதியையும் எழுதிப் பாருங்கள். தொகை சரியாக இருந்தும் தேதி இடிக்கும் இடம் அப்போது கண்ணில் படும்.

வீட்டார் தரும் பணம் பற்றி வெளிப்படையாகப் பேச யாரும் விரும்புவதில்லை. ஆனால் அதைப் பேசாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை பெரியது. அம்மா 10 கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து 40 பெயர்கள் எழுதிய தாளையும் கொடுத்தார். நாங்கள் திட்டமிட்ட 300 பேரில் அவர்கள் இல்லை. நான் தயங்கியபோது, "பணம் கொடுத்த எனக்கு நாலு சொந்தக்காரரைக் கூப்பிட உரிமை இல்லையா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். என் வருங்காலக் கணவரிடம் பேசாமல், யாரிடமும் கேட்காமல், அந்த நிமிடத்திலேயே சொன்னேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு 300 பேருக்கு 40 என்றால் 40 பேருக்கு 5-க்கு மேல் வருகிறது. அம்மா கொடுத்ததில் பாதி அந்தத் தாளிலேயே போய்விட்டது. அம்மா செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கிறவர் மனதில் ஏதோ ஓர் ஆசை இருக்கத்தான் செய்யும். பணத்தைக் கை நீட்டி வாங்கும் முன்பே, "இதை எதற்கென்று நினைத்துக் கொடுக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டிருக்க வேண்டியது நான்தான். எவ்வளவு, எப்போது, எதற்கு என்ற மூன்று கேள்விகளையும் அன்போடு கேட்டுவிட்டால், பிற்பாடு கண்ணீரோடு வரும் தாளைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

அந்த 5-ஐ நான் என் வருங்காலக் கணவரிடம் சொல்லவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்கு என் பொறுப்பு, அது மீறினால் என் தோல்வி என்று எனக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருந்தது. அதன் பிறகு உடையில் 5 கூடியது. எடுத்த உடைக்குத் திருத்தம், திருத்தத்துக்கு அவசரக் கூலி, அதற்குப் பொருத்தமான காலணி என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே போனது. சில்லறைச் செலவுகள் 3. பசை நாடா, ஊசி, பை, ஆட்டோ, சுமை கூலி போன்றவற்றை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. ஒவ்வொன்றும் சின்னதாக இருந்ததால் நானும் எழுதவில்லை. மொத்தம் 13-ஐ என் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். மாதம் 3 சதவீத வட்டி என்று கேட்கும்போது சிறியதாகத்தான் தெரியும். அது வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும் என்பதை அன்று நான் போட்டுப் பார்க்கவில்லை. தினமும் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஏழாம் பக்கத்தைத் திறப்பேன். எண்ணை அழிப்பேன், வேறொன்று எழுதுவேன். மனம் பதைக்கும். காலையில் அவர் தொலைபேசியில், "கணக்கெல்லாம் எப்படிப் போகிறது?" என்று கேட்பார். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பேன்.

திருமணத்துக்குப் பத்து நாள் இருந்தது. எண்ணிக்கையை உறுதி செய்வதற்காக கேட்டரிங்காரரைப் பார்க்க இருவரும் போனோம். அவர் தன் டைரியைத் திறந்து, "390 பேருக்குத்தானே?" என்றார். "இல்லை, 340" என்றேன். அவர் டைரியைத் திருப்பிக் காட்டினார். 300 என்று எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டுக் கூடுதல் 40, என் வருங்காலக் கணவர் பெயரைப் போட்டுக் கூடுதல் 50 என்று இரண்டு வரிகள் இருந்தன. இரண்டு வெவ்வேறு மையில், இரண்டு வெவ்வேறு தேதிகளில். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அன்று இரவு எல்லாம் வெளியே வந்தது. அவருடைய அலுவலகத்தாரும் கல்லூரி நண்பர்களுமாக 50 பேர் கூடியிருந்தார்கள், அதற்கு ஏறக்குறைய 7. வெளியூரிலிருந்து வரும் அவர் உறவினருக்குக் கூடுதல் அறைகளும் வண்டிகளும், அதற்கு 5. வீடியோவில் 4. எல்லாம் சேர்த்து 16 தேவைப்பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மாதம் முன்பே 25-ஐத் தனிநபர் கடனாக வாங்கியிருந்தார். "உனக்குக் கவலை கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் அவரிடம் மறைத்ததற்கும் அதே காரணத்தைத்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கிரெடிட் கார்டின் கணக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. திருமணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பணத்துக்காக அல்ல. ஒன்றாக வாழப்போகும் இருவர் ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தோமே என்ற பயத்தால்.

இதிலிருந்து நான் கற்றதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் செலவைப் பெருக்கியது மண்டபமோ அலங்காரமோ இல்லை. ஒருவர் தனியாக நின்று சொன்ன 'சரி'கள்தான். கணக்கை ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவருக்கு எல்லை தெரியாது. வைத்திருப்பவருக்கோ உண்மையைச் சொல்லும் துணிச்சல் போய்விடும். ஆகவே இருவரும் திறந்து பார்க்கும்படியான ஒரே கணக்கு வேண்டும். அது காகிதமோ கைபேசியோ, எதுவானாலும் சரி. திருமணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, செலவானதை அதுவே சொல்லிவிடும். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் எதற்கும் ஒருவர் மட்டும் சரி சொல்லக் கூடாது. யார் கேட்டாலும், "இருவரும் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம்" என்று பதில் சொல்லிப் பழகுங்கள். அந்த ஒரு நாள் அவகாசம் எனக்குக் கிடைத்திருந்தால் அம்மாவின் 40 பேரில் 20 பேராவது குறைந்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் பேசுவதும் அப்படித்தான். ஒவ்வொருவரிடமும் உங்களில் ஒருவர் மட்டும் பேசுங்கள். எண்ணிக்கையை மாற்றினால் எழுத்தில் அனுப்புங்கள், அதை மற்றவருக்கும் அனுப்புங்கள்.

விருந்தினர் எண்ணிக்கை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருமணச் செலவில் பெரும்பகுதி தலைக்கணக்கில்தான் ஓடுகிறது. சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், அறை, வண்டி, மண்டபத்தின் அளவு எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன. அலங்காரத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிடப் பட்டியலில் 30 பெயர்களைக் குறைப்பதால் மிச்சமாவது அதிகம். நாங்கள் உறுதி செய்த எண்ணிக்கை 390. உறுதி செய்துவிட்டால் எத்தனை பேர் குறைந்தாலும் முழுத் தொகையும் கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்தவர்கள் 331 பேர். வராத 59 பேருக்காக நாங்கள் கட்டியது கிட்டத்தட்ட 8. ஆனாலும் ஏழு நாள் முன்புவரை பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதே தாளில் இருந்தது. வருகிறீர்களா என்று அழைத்துக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று கூச்சப்பட்டு நான் யாரையும் கேட்கவில்லை. கேளுங்கள். "உங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும், குடும்பத்தில் எத்தனை பேர் வருவீர்கள்?" என்று கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தங்களுக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்று மகிழ்ச்சிதான் அடைவார்கள். உறவில் இருவர், நட்பில் இருவர் என்று நான்கு பேரிடம் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும் வேலை இது.

கூடுதலாகச் செலவான 38-ல் மீதி 9 எங்கே போனது என்றால், கடைசி பில்களில். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கியிருந்த 9 அப்படித்தான் கரைந்தது. கடன் பணம் கையில் இருந்ததால் பில்லைப் படித்துப் பார்க்காமலேயே கொடுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அலங்காரத்துக்கு வந்த கொட்டேஷனில் ஏற்றி இறக்கும் கூலியும் பிரித்து எடுக்கும் கூலியும் இல்லை. மண்டபத்தில் மின்சாரமும் துப்புரவும் தனி. எல்லாவற்றுக்கும் வரி தனி. மண்டபத்தைக் காலி செய்ய 70 நிமிடம் தாமதமானது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்துக்கான தொகை என்று விதி இருந்திருக்கிறது. எந்த ஒப்பந்தக்காரரிடமும் விலை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லாம் முடிந்து நீங்கள் வெளியே போகும்போது நான் மொத்தமாக எவ்வளவு கொடுத்திருப்பேன்?" என்று கேளுங்கள். வரி, போக்குவரத்து, கூலி, நேரம் தாண்டினால் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். விலை குறைவாகச் சொன்ன இரண்டு பேர் அந்தக் கேள்விக்குப் பிறகு விலை கூடியவர்களாக மாறுவதைப் பின்னர் ஒரு தோழிக்காகக் கேட்டபோது பார்த்தேன்.

முன்பணம் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. வீடியோவில் கூடிய 4-ல் 2, நாங்கள் பாதியில் மாற்றிய புகைப்படக்காரருக்குக் கொடுத்துத் திரும்ப வராமல் போன முன்பணம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தேதி மாறினால் என்ன ஆகும், அவரே வர முடியாவிட்டால் யார் வருவார் என்பதெல்லாம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. கையெழுத்திட்ட தாள் இல்லை, ரசீதும் இல்லை. மண்டபத்துக்குக் கட்டிய காப்புத் தொகையிலும் சுவரில் கீறல் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் முன்பே இருந்ததா என்று எங்களுக்கும் தெரியாது. சாவியை வாங்கும்போது மண்டபத்து ஆளோடு ஒரு சுற்று நடந்து கைபேசியில் வீடியோ எடுத்திருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 14 சதவீதம் வட்டி, 36 தவணைகள். இப்படி வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் திருப்பிக் கட்டுவது 123. எங்கள் 25-க்கு வட்டி மட்டும் 6-க்குச் சற்றுக் குறைவு. அலங்காரத்துக்கு ஒதுக்கியதில் பாதிக்கு மேல் அது. என் கார்டில் இருந்த 13-ஐ ஐந்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தோம். புதிதாகக் குடும்பம் தொடங்கிய அந்த ஐந்து மாதமும் எங்கும் போகவில்லை, எதுவும் வாங்கவில்லை, மாதக் கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தவணை எவ்வளவு என்று பார்ப்பதோடு நிற்காமல் மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று பாருங்கள். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். அதற்கும் முன்பாக, தேதியைச் சில மாதம் தள்ளிவைக்க முடியுமா, அல்லது பட்டியலைச் சுருக்க முடியுமா என்று யோசியுங்கள். மனம்விட்டுப் பேசியிருந்தால் நாங்கள் பட்டியலைச் சுருக்கியிருப்போம். எங்கள் இருவருக்குமே கூட்டம் அவ்வளவாகப் பிடிக்காது என்பதைத் திருமணத்துக்குப் பிறகுதான் ஒருவரிடம் ஒருவர் சொன்னோம்.

உண்மை வெளிவந்த பிறகான அந்தப் பத்து நாட்களைத்தான் நான் மனநிறைவோடு நினைத்துப் பார்க்கிறேன். தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வாசிப்பார், நான் கூட்டுவேன். மேடைக்கு இரண்டாவது விளக்கு வரிசை வேண்டாம் என்றோம். ஆல்பத்தில் பக்கங்களைக் குறைத்தோம். இரண்டு வண்டிகளை ஒன்றாக்கினோம். இவற்றில் 3 மிச்சமானது. இல்லாவிட்டால் 141-ல் போய் நின்றிருக்கும். தொகை சிறியதுதான், ஆனால் அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வந்தது.

என் நாத்தனாருக்கு அடுத்த ஆண்டு திருமணம். போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் மணக்கப்போகிறவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அண்ணி, உங்கள் கணக்கு நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கொடுப்பதற்கு முன்னால் இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, எத்தனை பேரை அழைக்க நினைக்கிறீர்கள், எதற்குச் செலவு செய்தே ஆக வேண்டும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல் எழுதச் சொன்னேன். எழுதி முடித்துத் தாள்களைத் திருப்பினார்கள். அவள் தாளில் 200 என்று இருந்தது, அவர் தாளில் 450. இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.